ஈரக் கையும் எரியும் விளக்கும்

குளியலறைக்கு 12 வோல்ட் விளக்கு போட்டுவிட்டால் பயமில்லையா? கடைக்குப் போகும் முன், சுவரை வெட்டும் முன், ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை.

புது வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் குளியலறையில் ஒற்றை டியூப் லைட்டோடு நிறுத்துவதில்லை. கண்ணாடியைச் சுற்றி ஒளிப்பட்டை, ஷவர் சுவரில் சோப்பும் ஷாம்பும் வைக்கும் மாடத்துக்குள் மெல்லிய வெளிச்சம், ஃபால்ஸ் சீலிங்கில் நாலைந்து ஸ்பாட் லைட், இரவில் எழுந்து வரும் பெரியவர்களுக்காகத் தரையோரம் ஒரு சின்ன விளக்கு. டைல்ஸ் கடையின் மாதிரி அறையைப் பார்த்துவிட்டு வந்தால் எல்லாமே வேண்டும் போலத் தோன்றும். "எல்லாம் 12 வோல்ட்தான் சார், தொட்டாலும் ஒண்ணும் பண்ணாது" என்று கடையில் சொல்வார்கள். வேலைக்கு வருகிறவரும் அதையே சொல்வார்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை. சரியாகச் செய்த 12 வோல்ட் விளக்கைப் போலப் பாதுகாப்பான விளக்கு குளியலறைக்கு வேறில்லை. ஆனால் விளக்குக்கு வருவது 12 வோல்ட் என்றாலும், அந்த 12 வோல்ட்டைத் தரும் பெட்டிக்குள் நுழைவது 230 வோல்ட். அந்தப் பெட்டி எப்படிப்பட்டது, எங்கே இருக்கிறது, அதிலிருந்து வரும் ஒயரை யார் எப்படி இணைத்தார்கள் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

மின்சாரம் தாக்கி இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து அறிக்கைகள் காட்டுகின்றன. அறுந்து விழுந்த கம்பி, வயல் மோட்டார், கட்டட வேலை என்று அதற்குப் பல காரணங்கள். ஆனால் வீட்டுக்குள் என்று எடுத்துக்கொண்டால், உடம்பு மின்சாரத்துக்கு முன் முழுக்க நிராயுதபாணியாக நிற்கும் இடம் குளியலறைதான். செருப்பில்லை, துணியில்லை, மேலெல்லாம் ஈரம். அங்கே நடக்கும் மின்வேலைக்கு வீட்டின் வேறெந்த அறையைவிடவும் கூடுதல் கவனம் வேண்டும்.

உடம்பு தாங்கும் அளவு

ஆளைக் கொல்வது உடம்புக்குள் ஓடும் மின்னோட்டம். அது எவ்வளவு ஓடும் என்பதை வோல்ட்டும் உடம்பின் மின்தடையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வறண்ட தோல் நல்ல தடை. சோப்பு நீரில் ஊறிய தோலில் அந்தத் தடையில் பெரும்பகுதி கரைந்துவிடும். கணக்குக்காக ஈர உடம்பின் தடையை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் பட்டால் 230 மில்லி ஆம்பியர் ஓடும்.

ஒரு மில்லி ஆம்பியர் அளவில்தான் மின்சாரம் நமக்கு உறைக்கவே தொடங்குகிறது. பத்துக்கு மேல் போனால் கையின் தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி, அது ஓரிரு நொடி நீடித்தால் இதயத்தின் துடிப்பு தடுமாறும் ஆபத்து தொடங்குகிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்துச் செய்த சோதனைகளில், பிடித்த கம்பியை விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார். குழந்தைகளுக்கு இது இன்னும் குறைவு. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1961-இல் அவர் வடிவமைத்த கருவிதான் அமெரிக்க வீடுகளில் இன்று கட்டாயமாக இருக்கும் கசிவு மின் துண்டிப்பான்.

இந்த எண்களோடு, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் நம் வீட்டு எம்.சி.பி.யை ஒப்பிட்டுப் பாருங்கள். விளக்கு வரிசைக்குப் பொதுவாக வைப்பது 6 ஆம்பியர். அதாவது 6,000 மில்லி ஆம்பியர். ஒருவர் உடம்பில் 230 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் அந்த எம்.சி.பி.க்கு அது மின்விசிறி ஒன்று கூடுதலாகச் சுற்றும் அளவுகூட இல்லை, அசையாது. எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, ஆளை அல்ல. "எல்லா ரூமுக்கும் எம்.சி.பி. போட்டிருக்கோம்" என்று நிம்மதியாக இருக்கும் வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

இப்போது 12 வோல்ட்டுக்கு அதே கணக்கைப் போடுவோம். ஈர உடம்பில் 12 மில்லி ஆம்பியர். உடம்பு நீருக்குள் இருந்து தடை 500 ஓம் ஆகிவிட்டால் 24. உயிருக்கு ஆபத்தான எல்லைக்குள் போகவில்லை. ஆனால் விளையாட்டும் இல்லை. அதனால்தான் குளியல் நீர் தேங்கும் இடத்தில் மாறு மின்னோட்டம் 12 வோல்ட்டுக்கு மேல் கூடாது, நேர் மின்னோட்டம் 30 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று சர்வதேசத் தரம் வரம்பு கட்டுகிறது. அந்தக் குறைந்த வோல்ட்டிலும் செம்பு வெளியே தெரியக் கூடாது என்று சேர்த்தே சொல்கிறது.

காப்பாற்றுவது எண்ணல்ல, பிரிவு

டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருள்கள். 230 வோல்ட் ஒரு சுருளில் ஓடி காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தக் காந்தப்புலம் இரண்டாவது சுருளில் 12 வோல்ட்டை உண்டாக்குகிறது. இரண்டு சுருளுக்கும் நடுவே கம்பித் தொடர்பே கிடையாது. ஆகவே 12 வோல்ட் பக்கத்து ஒயருக்கும் பூமிக்கும் உறவில்லை. தெருவில் இருந்து வரும் ஃபேஸ் ஒயரைத் தொட்டால் மின்சாரம் நம் கால் வழியாகப் பூமிக்குப் போய்த் தன் மூலத்துக்குத் திரும்ப வழி இருக்கிறது. பிரிக்கப்பட்ட சுருளின் ஒற்றை ஒயரைத் தொட்டால் அப்படித் திரும்பும் வழி இல்லை.

வோல்ட் குறைவாக இருக்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்திலிருந்து இரட்டைக் காப்போடு முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். எர்த்தோடும் வேறு எந்தச் சுற்றோடும் இணையாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடியதைத்தான் மின்பொறியாளர்கள் எஸ்.இ.எல்.வி. என்கிறார்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் மிஞ்சுவது பெட்டியில் அச்சடித்த 12 என்ற எண் மட்டும்தான்.

எங்கே தவறுகிறது? எல்.இ.டி. விளக்குக்குக் குறைந்த வோல்ட்டைத் தரும் பெட்டியை டிரைவர் என்பார்கள். சில மலிவு டிரைவர்களில் சுருள் பிரிவே கிடையாது. மின்னணுப் பாகங்கள் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும்; ஆனால் வெளியே வரும் ஒயர் உள்ளே ஃபேஸோடோ நியூட்ரலோடோ நேரே தொடர்பில் இருக்கும். மீட்டர் வைத்து இரண்டு ஒயருக்கும் நடுவே அளந்தால் குறைந்த வோல்ட்தான் காட்டும். ஒரு ஒயருக்கும் பூமிக்கும் நடுவே அளந்தால் 230-ஐ நெருங்கலாம். ஈரத் தரையில் நிற்பவருக்கு முக்கியம் இந்த இரண்டாவது அளவு.

நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறும் உண்டு. "எர்த் கொடுத்தால் நல்லதுதானே" என்று 12 வோல்ட் பக்கத்து ஒயரை எர்த்தில் கட்டுவார்கள். கீசரின் உடலுக்கு எர்த் அவசியம். பிரிக்கப்பட்ட 12 வோல்ட் ஒயருக்கு அது கூடாது. எர்த்தில் கட்டிய நொடியில் அந்தச் சுற்று பூமியோடு உறவாகிவிடுகிறது. வீட்டில் வேறெங்கோ எர்த்தில் ஏறும் கோளாறு வோல்ட் குளியலறை விளக்குவரை வந்து சேர வழி பிறந்துவிடுகிறது.

ஒழுங்காகப் பிரிக்கப்பட்ட 12 வோல்ட்டுக்கு எந்தக் காப்புக் கருவிக்கும் இல்லாத சிறப்பு உண்டு. அது வேலை செய்ய நல்ல எர்த் இருக்க வேண்டியதில்லை. எதுவும் சரியான நொடியில் துண்டித்தாக வேண்டும் என்பதும் இல்லை. கோடையில் எர்த் குழி வறண்டு போகும், கம்பத்தில் நியூட்ரல் அறுந்து தொங்கும் நம் ஊருக்கு இதன் மதிப்பு மிகப் பெரிது.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் விளக்கைப் பார்ப்பதைவிட டிரைவரைப் பார்ப்பதில் அதிக நேரம் செலவிடுங்கள். அதன் மேல் எஸ்.இ.எல்.வி. என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இரட்டைக் காப்பைக் குறிக்கிறது. சாய்சதுரத்துக்குள் ரோமன் மூன்று போட்டிருந்தால் அது குறைந்த வோல்ட்டில் மட்டுமே இயங்கும் விளக்கு. எல்.இ.டி. டிரைவர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம், ஐ.எஸ். 15885 என்ற தர எண்ணும் அதன் கீழே பதிவு எண்ணும் அச்சாகியிருக்கும். எதுவுமே எழுதாத வெள்ளைப் பெட்டியை, விலை எவ்வளவு குறைவானாலும், குளியலறைக்கு வாங்காதீர்கள்.

ஒளிப்பட்டைகளுக்கு நம் ஊரில் அதிகம் போடுவது துளைகள் போட்ட தகரப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். கடையின் பெயர்ப் பலகைக்கும் உலர்ந்த ஹாலுக்கும் அது சரி. அதில் 230 வோல்ட் வந்து சேரும் திருகுகள் திறந்த நிலையில் இருக்கும். நீராவிக்கும் கரப்பான் பூச்சிக்கும் பல்லிக்கும் தடையே இல்லை. குளியலறையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் அதைப் போட்டு மூடிவிடுவது பெரிய தவறு. பிசின் ஊற்றி மூடிய, நீர் புகாத டிரைவராக வாங்கி, அதையும் அறைக்கு வெளியே வையுங்கள்.

ஸ்பாட் லைட் வாங்கும்போது இன்னொரு குழப்பம் வரும். எம்.ஆர். 16 என்ற வகை 12 வோல்ட்டில் எரிவது; ஜி.யு. 10 என்ற வகை நேரே 230 வோல்ட்டில் எரிவது. முகப்பில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். முன்னதன் பின்பக்கம் ஊசி போன்ற இரண்டு முள். பின்னதில் தலை தடித்து, திருகிப் பூட்டும் இரண்டு குமிழ். எந்த வகை வாங்குகிறோம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பழைய ஹாலஜன் விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டுகிறவர்கள் அதன் டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்ற வேண்டியிருக்கலாம். 50 வாட் ஹாலஜனுக்குச் செய்த மின்னணு டிரான்ஸ்ஃபார்மர் 5 வாட் எல்.இ.டி.யின் சின்னச் சுமையை உணராமல் மினுக்கத் தொடங்கிவிடும்.

எல்.இ.டி. கண்ணாடிகள் இப்போது பரவலாக வருகின்றன. பலவற்றின் முதுகில் 230 வோல்ட் நேரே போகிறது. ஆவி படியாமல் கண்ணாடியைச் சூடாக்கும் தகடும் பெரும்பாலும் 230 வோல்ட்தான். டிரைவரைக் கழற்றி வெளியே வைக்கக்கூடிய மாதிரியைக் கேளுங்கள். இல்லையென்றால் ஷவரிலிருந்து தள்ளி, வாஷ்பேசினுக்கு மேலே மட்டும் மாட்டுங்கள்.

ஐந்துக்கு ஏழு அடி அறையில் வறண்ட இடம் எது?

குளியலறையை மண்டலங்களாகப் பிரிப்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60364 தரம். நம் நாட்டு ஒயரிங் விதியான ஐ.எஸ். 732-இன் 2019 பதிப்பும் அந்தத் தரத்தை ஒட்டியே எழுதப்பட்டிருக்கிறது. குளியல் தொட்டியின் உட்புறம் சுழியம் மண்டலம். தொட்டிக்கு நேர் மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் வரை முதல் மண்டலம். அதைச் சுற்றி 60 சென்டிமீட்டர் இரண்டாம் மண்டலம்.

நம் வீடுகளில் தொட்டி ஏது? தரையிலேயே நின்று குளிக்கும் ஷவர். அதற்கும் தரம் வழி சொல்கிறது: தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம் வரை சுழியம் மண்டலம், ஷவர் குழாயை மையமாக வைத்து 1.20 மீட்டர், அதாவது சுமார் நான்கு அடி தூரம் முதல் மண்டலம். இரண்டாம் மண்டலம் கிடையாது.

இந்த அளவைத் தமிழ்நாட்டு அடுக்குமாடி வீட்டின் ஐந்துக்கு ஏழு அடிக் குளியலறையில் வரைந்து பாருங்கள். பாதிக்கு மேல் முதல் மண்டலத்துக்குள் போய்விடும். மிச்ச இடத்தில் வாளியும் குவளையும் வைத்துக் குளிக்கிறோம், ஹெல்த் ஃபாசெட் பீய்ச்சுகிறோம், கழுவும்போது சுவரெல்லாம் தண்ணீர் அடிக்கிறோம். ஆகவே நம் பாணிக் குளியலறையில் ஏழரை அடிக்குக் கீழே எல்லாமே ஈரமான இடம்தான் என்று எடுத்துக்கொள்வதே அறிவு. அங்கே பொருத்தும் விளக்கு பிரிக்கப்பட்ட குறைந்த வோல்ட்டாக மட்டும் இருக்கட்டும்.

தளத்தின் உயரம் ஒன்பதரை, பத்து அடி இருக்கும் வீடுகளில், பொது வெளிச்சத்துக்கு மேற்கூரையிலேயே மூடிய விளக்கு போட்டுவிட்டால் அது மண்டலங்களுக்கு மேலே நின்றுவிடும். மாடத்துக்குள்ளும் கண்ணாடி ஓரத்திலும் தரையோரத்திலும்தான் 12 அல்லது 24 வோல்ட் தன் அருமையைக் காட்டும். தரையோர விளக்கைச் சுழியம் மண்டலத்தின் 10 சென்டிமீட்டருக்கு மேலே, முழங்கால் உயரத்தில் வையுங்கள். இரவில் கண் கூசாது. வழுக்கும் ஈரமும் கண்ணுக்குத் தெரியும். வயதானவர்கள் உள்ள வீட்டில் இந்த ஒரு விளக்கு மற்ற அலங்கார விளக்குகள் எல்லாவற்றையும்விட முக்கியம்.

நீர்க்காப்பு எண்ணையும் பாருங்கள். ஐ.பி. என்ற எழுத்துக்குப் பிறகு வரும் இரண்டு இலக்கங்களில் இரண்டாவது தண்ணீரைப் பற்றியது. 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். நாம் தண்ணீர் பயன்படுத்தும் விதத்துக்கு ஏழரை அடிக்குக் கீழே 5-க்குக் குறையாமல் வாங்குவது நல்லது, தரையோரம் 7.

சுவருக்குள் போகும் ஒயர்

12 வோல்ட் என்றதும் மெல்லிய ஒயர் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மை நேர் எதிர். 36 வாட் விளக்கு 230 வோல்ட்டில் இழுப்பது 0.16 ஆம்பியர், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். டிரைவருக்கும் விளக்குக்கும் 10 மீட்டர் தூரம் என்றால், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் போகவர ஏறக்குறைய 1.1 வோல்ட் வழியிலேயே தொலையும். 12-இல் அது ஒன்பது சதவீதம். பட்டையின் தொடக்கம் பளிச்சென்றும் கடைசி மங்கலாகவும் எரிவதும் பட்டைக்குள் நடக்கும் இதே இழப்பால்தான். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். அல்லது 24 வோல்ட் பட்டைக்கு மாறலாம்: மின்னோட்டம் பாதியாகும், இழப்பின் சதவீதம் நாலில் ஒன்றாகும். நேர் மின்னோட்டத்தில் 24 என்பது 30 வோல்ட் வரம்புக்குள்தான் இருக்கிறது.

மின்னோட்டம் கூடும்போது தளர்ந்த இணைப்பு சூடாகும். ஷாக் அடிக்காத 12 வோல்ட்டுக்கும் தீ வைக்கத் தெரியும். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு குளியலறையில் வேண்டவே வேண்டாம். டிரைவரிலிருந்து விளக்கு வரை நடுவில் இணைப்பே இல்லாத ஒற்றை ஒயராக இழுப்பது முதல் தேர்வு. தவிர்க்க முடியாவிட்டால் ஜெல் நிரப்பிய நீர்புகா இணைப்பானைப் போட்டு, நாளை திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும்.

இந்த ஒயர் தனிப் பைப்பில் போகட்டும். 230 வோல்ட் ஒயரோடு ஒரே பைப்பில் திணித்தால், உள்ளே உரசல் ஏற்பட்டு இரண்டும் தொட்டுக்கொள்ளும் நாளில், பிரிவு என்று நாம் பணம் கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லாமல் போகும். கொத்தனார் சுவரை வெட்டும்போதே இரண்டு தனிப் பாதை என்று சொல்லிவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை. விளக்குக்குள் ஒயர் கீழிருந்து நுழையுமாறு விடுவதும் முக்கியம். மேலிருந்து நுழைந்தால் ஒயர் வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

டிரைவரை எங்கே வைப்பது? அறைக்கு வெளியே, கதவுக்கு மேலே உள்ள பரணிலோ ஸ்விட்ச் போர்டை ஒட்டிய பெட்டியிலோ காற்றோட்டத்தோடு வையுங்கள். ஸ்விட்சும் வெளியே. நம் ஊரில் குளியலறை ஸ்விட்சை வாசலுக்கு வெளியே வைக்கும் பழைய வழக்கம் மிக நல்ல வழக்கம். அழகு கருதி அதை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

ஒளிப்பட்டையை அளவுக்கு வெட்டியதும் அதன் நீர்க்காப்பு அந்த வெட்டிய முனையில் முடிந்துவிடுகிறது. மூடி போட்டு சிலிகான் வைத்து அடைக்க வேண்டும். சிலிகானிலும் இரண்டு வகை. பூசும்போது காடி வாசனை அடிக்கும் வகை இறுகும்போது அமிலத்தைக் கக்கிச் செம்பை அரிக்கும். வாசனை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். போர்வெல் நீரில் உப்பு அதிகம் உள்ள ஊர்களில் இந்தக் கவனம் இன்னும் வேண்டும். உப்பு நீர் ஒரு துளி உள்ளே போனாலும், நேர் மின்னோட்டம் ஓடும் பட்டையில் செம்பு வேகமாக அரித்துப் பச்சைக் களிம்பு பிடிக்கும். விளக்கு அணையும் முன் பட்டையின் உள்ளே பச்சை தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

முதல் செலவு மெயின் போர்டில்

விளக்கை 12 வோல்ட்டாக மாற்றிவிட்டோம். அதே சுவரில் 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் தொங்குகிறது. மூலையில் வாஷிங் மெஷின் நிற்கிறது. விளக்கு மட்டும் பாதுகாப்பாக இருந்து குளிப்பவரைக் காப்பாற்றாது. அதனால்தான் விளக்குக்கு முன் வர வேண்டியது ஆர்.சி.சி.பி. என்ற கசிவு மின் துண்டிப்பான்.

ஃபேஸில் எவ்வளவு போனது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பியது என்று ஒவ்வொரு நொடியும் சரிபார்க்கும் கணக்குப்பிள்ளை அது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ பூமிக்குக் கசிகிறது, யாரோ ஒருவர் உடம்பு வழியாகக்கூட இருக்கலாம் என்று கொண்டு, 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். கசிவு 150 மில்லி ஆம்பியர் என்றால் 0.04 நொடி. ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் அளவில் முடியும் செலவு. தமிழ்நாடு மின்வாரியமும் வீடுகளில் இதைப் பொருத்தச் சொல்கிறது. வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். 100, 300 என்று வருபவை வேறு தேவைக்கானவை. குளிப்பவர் உயிரைக் காக்க அவை உதவா.

இதற்கும் எல்லை உண்டு. ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் தொட்டவரை இது விளக்கு என்றே நினைத்துக்கொள்ளும். பிரிக்கப்பட்ட டிரைவருக்கு அந்தப் பக்கம் நடப்பதும் இதன் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது, ஆர்.சி.சி.பி., எர்த், பிரிக்கப்பட்ட டிரைவர் மூன்றும் மூன்று வேலை செய்கின்றன.

பல வீடுகளில் ஆர்.சி.சி.பி. இருந்தும் இல்லாத கதை. "அடிக்கடி விழுது" என்று அதைத் தாண்டி நேரடியாக இணைத்திருப்பார்கள். அடிக்கடி விழுவதற்கு இரண்டு காரணங்கள் மிகுதி. ஒன்று, எர்த் இல்லாத இடத்தில் பிளக்கின் எர்த் முனையை நியூட்ரலோடு கட்டிவிடுவது. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் கீசரின் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறும் கொடிய பழக்கம் இது. மற்றொன்று, இன்வெர்ட்டர் வரிசையின் நியூட்ரலையும் மற்ற வரிசையின் நியூட்ரலையும் ஒன்றாகக் கட்டிவிடுவது. இரண்டுமே ஒயரிங்கில் உள்ள கோளாறு. திருத்த வேண்டியது அதைத்தான்.

இன்வெர்ட்டரைப் பற்றி இன்னும் ஒரு சேதி. மின்தடை சமயத்தில் வேண்டும் என்று குளியலறை விளக்கைப் பெரும்பாலும் இன்வெர்ட்டர் வரிசையில் கொடுப்போம். கரண்ட் போனதும் மின்சாரத்தின் மூலமே இன்வெர்ட்டராகிவிடுகிறது. மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி. அதற்கு முன்னால் நிற்பதால், இன்வெர்ட்டரிலிருந்து வெளியே போவதை அது காவல் காக்க முடியாது. ஆகவே இன்வெர்ட்டர் வெளியீட்டுக்குத் தனி ஆர்.சி.சி.பி. போட வேண்டும்.

ஸ்விட்ச் போடும் முன்

வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் நிற்க வைத்து இவற்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல தொழிலாளி இதைக் கேட்கும் வீட்டுக்காரரை மதிப்பார்.

1. மெயினை அணைத்து, விளக்கைக் கழற்றிவிட்டு, டிரைவரின் 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே உள்ள காப்பை, காப்புத் தடையை அளக்கும் மெக்கர் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த டிரைவர் வேண்டாம்.

2. 12 வோல்ட் ஒயர் இரண்டுக்கும் எர்த்துக்கும் தொடர்பில்லை என்று மீட்டரில் பார்க்க வேண்டும்.

3. மின்சாரம் கொடுத்தபின் கடைசி விளக்கில் வரும் வோல்ட்டை அளக்க வேண்டும். 12-க்கு 11.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் ஒயர் போதவில்லை.

4. டிரைவரின் வாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றவில்லை என்று கூட்டிப் பார்க்க வேண்டும்.

5. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். விழ வேண்டும். இனி மாதம் ஒருமுறை வீட்டுக்காரரே அழுத்திப் பார்க்க வேண்டும்.

டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்துப் பாதுகாப்பு என்று முடிவு கட்டாதீர்கள். காப்பு எவ்வளவு உறுதி என்று சொல்ல டெஸ்டரால் முடியாது. அதற்கு மெக்கர்தான் வேண்டும்.

வேலை செய்கிறவர் யார்?

வீட்டு ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்பது சட்ட விதி. தமிழ்நாட்டில் அந்த உரிமத்தைக் கொடுப்பது கிண்டியில் இயங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். பல ஆண்டு அனுபவம் உள்ள உதவியாளர்களுக்காக மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வையும் அரசு நடத்துகிறது. ஆனால் நடப்பில் குளியலறை விளக்கை ஃபால்ஸ் சீலிங் போடுகிறவரும், கண்ணாடி மாட்டுகிறவரும், டைல்ஸ் ஒட்டுகிறவரும்கூட இணைத்துவிட்டுப் போகிறார்கள். அவரவர் தொழிலில் அவர்கள் கெட்டிக்காரர்கள். இந்த இணைப்பு அவர்கள் தொழில் அல்ல. அவர்கள் விளக்கைப் பொருத்தட்டும். ஒயரை மின்தொழிலாளி இணைக்கட்டும்.

கட்டடம் கட்டி விற்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குளியலறைக்கு எந்த நாட்டு டைல்ஸ், எந்தக் கம்பெனிக் குழாய் என்று விளம்பரத்தில் சொல்கிறவர்கள், எத்தனை மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., டிரைவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சாவியோடு எழுதிக் கொடுக்கட்டும். வாங்குகிறவர்கள் கேட்டால் கொடுப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் கேட்காமலே கொடுப்பார்கள்.

கையில் இருக்கும் பணம் குறைவென்றால் வரிசை இதுதான்: முதலில் நல்ல எர்த், அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அடுத்து மேற்கூரையில் ஒரு மூடிய விளக்கு. மாடத்து வெளிச்சமும் கண்ணாடி வெளிச்சமும் அதன்பின் வரட்டும். வரும்போது பிரிக்கப்பட்ட டிரைவரோடு வரட்டும். பாதுகாப்புக்கான செலவு கண்ணுக்குத் தெரியாது, விருந்தாளி பார்த்துப் புகழவும் மாட்டார். ஆனாலும் அந்த அறையில் தினமும் வெறுங்காலோடு நிற்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளும் பெற்றோரும். அவர்களுக்காக இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.